சுதாஜினி நிமிர்த்திய கிராங்

சுதாஜினிக்குச் சமையல் வராது. அவள் பெற்ற மகள் யதுர்ஷிகாவே இதை ஊரறியச் சொல்லிச் சிரிப்பாள். சொதி வைத்தால் திரைந்துபோகும், புட்டு அவித்தால் கல்லாகிவிடும், மீன் பொரிக்கப்போய்ச் சட்டியைப் பொரித்த நாட்களும் உண்டு. அப்பேர்ப்பட்டவள்தான், யுத்தம் முடிந்த வருடம் முகாமில் மேசைக்கு மறுபக்கம் இருந்தவர் இயக்கத்தில் என்ன வேலை செய்தாய் என்று கேட்டதும், சற்றும் யோசியாமல் "குசினியில நிண்டனான்" என்றாள். அன்றிலிருந்து யார் யாரோ எத்தனையோ தரம் கேட்டுவிட்டார்கள். எல்லோருக்கும் அதே பதில்தான். நல்லகாலம், சமைத்துக் காட்டு என்று ஒருவரும் கேட்கவில்லை.

உண்மையில் அவள் நின்றது நாயாற்றுப் பக்கம், படகு எஞ்சின் திருத்துகிற கொட்டிலில். உப்புத் தண்ணீர் குடித்து இறுகிப்போன எஞ்சினைப் பிரித்து, வளைந்ததை நிமிர்த்தி, தேய்ந்ததைக் கடைந்து, மறுபடி ஓடவைக்கிற வேலை. புதிய சாமான் ஒன்றும் வராத காலம் அது. இருப்பதை வைத்துச் சமாளித்துச் சமாளித்துத்தான் கை பழகியது. ஆனால் எஞ்சின் திருத்தினேன் என்று சொன்னால், எந்த எஞ்சின், யாருடைய படகு, அந்தப் படகு எங்கே போனது என்று கேள்வி கிளை விட்டுக்கொண்டே போகும். குசினி என்றால் சோறும் கறியும். அத்தோடு கதை முடிந்தது. கைக்குழந்தையைத் தன் தாயிடம் விட்டுவிட்டுப் போய், அரசாங்கத்தின் புனர்வாழ்வு முகாமில் இருந்து முடித்து அவள் திரும்பி வந்தபோது, பிள்ளை அவளை அடையாளம் தெரியாமல் வீரிட்டு அழுதது. புருஷன் கடைசிச் சண்டையில் போனவன் போனவன்தான்.

விசுவமடுவில் வீடு கட்டிக் குடியிருந்த பிறகும் சிவில் உடுப்புப் போட்ட புலனாய்வுக்காரர் வருவது நிற்கவில்லை. மோட்டார் சைக்கிளைப் படலையில் நிறுத்திவிட்டு, சொந்தக்காரர் மாதிரி முற்றத்துக் கதிரையில் வந்து இருப்பார்கள். என்ன செய்கிறாய், யார் வந்து போகிறார்கள், வெளிநாட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்பார்கள். தன்னைப் பற்றிக் கேட்டால் கேட்டுவிட்டுப் போகட்டும் என்று அவளும் பொறுத்துக்கொண்டாள். ஒருநாள் வந்தவர், "மகள் எத்தினையாம் வகுப்பு? எந்தப் பள்ளிக்கூடம்?" என்று கேட்டார். இந்தச் சனியன் தன்னோடு முடியவேண்டும், பிள்ளையிடம் போகக் கூடாது. அவளுக்கு வேறு வேண்டுதலே கிடையாது. வற்றாப்பளை அம்மனிடம் போனாலும் அதைத்தான் கேட்பாள். அம்மனுக்குக் கேட்டதோ என்னவோ, கடந்த மூன்று வருடமாக வீட்டுப் பக்கம் ஒருவரும் வரவில்லை. யதுர்ஷிகா இப்போது உயர்தரம் படிக்கிறாள்.

வீட்டோடு ஒட்டி ஒரு தகரக் கொட்டில். பயிருக்கு மருந்தடிக்கிற மிசின், புல்லு வெட்டுகிற மிசின், தண்ணீர்ப் பம்ப் திருத்தித்தான் சீவியம் போகிறது. இதற்கும் ஒரு மூடாக்கு வைத்திருந்தாள். புனர்வாழ்வு முடிந்து வந்த புதிதில் ஒரு தொண்டு நிறுவனம் பெண்களுக்குத் தையல், தலையலங்காரம், மருந்து மிசின் திருத்தல் என்று பயிற்சி வைத்தது. இவள் மிசின் வகுப்பில் சேர்ந்து, ஒன்றும் தெரியாதவளாக ஸ்பானரைத் தலைகீழாகப் பிடித்து, படிப்பிக்க வந்தவரிடம் ஏச்செல்லாம் வாங்கினாள். அதன் பிறகு, எங்கே பழகினாய் என்று யார் கேட்டாலும் சொல்ல ஒரு பதில் கிடைத்தது. சிக்கலான வேலை வந்தால், "உது எனக்கு ஏலாது அண்ணை, வவுனியாவுக்குக் கொண்டுபோங்கோ" என்று அனுப்பிவிடுவாள். ஏலும் என்று தெரிந்துகொண்டே ஏலாது என்று சொல்வது எவ்வளவு பெரிய கொடுமை என்பது சொல்லிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

அவளுடைய கையை உள்ளபடி கண்டுகொண்ட வெளியாள் முஹ்ஸின் ஒருவன்தான். வவுனியாவில் உதிரிப்பாகக் கடை வைத்திருப்பவன். வானில் சாமான் ஏற்றிக்கொண்டு பரந்தன் வீதியால் முல்லைத்தீவுவரை போய்வருவான். ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் கொட்டிலுக்குள் நுழைந்தபோது, ஏலாதென்று அவள் திருப்பி அனுப்பியிருக்கவேண்டிய ஒரு பம்பின் தண்டை அச்சொட்டாக நிமிர்த்தி வைத்திருப்பதைக் கண்டுவிட்டான். அன்றிலிருந்து அவனுக்கு அவள்மேல் பெரிய மதிப்பு. நல்ல மனுசன். வாய்க்கு மட்டும் மூடி கிடையாது.

அவனுக்கு ஒரு விசர் இருந்தது. றிமோட்டில் ஓடுகிற சின்ன விமானங்களை வாங்கிப் பூட்டி, அரிவுவெட்டு முடிந்த வயல்களில் பறக்கவிடுவான். உரிய அனுமதியெல்லாம் எடுத்துத்தான் செய்கிறவன். அவனுடைய மனைவி றிம்ஸியாவுக்குத்தான் அது பிடிக்காது. போன மாசி மாதத்தில் அவனுடைய விமானம் ஒன்று மூக்குக் குப்புற வயல் வரம்பில் போய்க் குத்தியது. எஞ்சினைச் சொப்பின் பையில் போட்டுக்கொண்டு நேரே சுதாஜினியிடம் வந்தான்.

"அக்கா, கிராங் வளைஞ்சிட்டுது. கொழும்பில காட்டினன், தூக்கி எறியச் சொல்லிறாங்கள். இந்த எஞ்சின் இப்ப செய்யிறதுமில்லை. நீங்க ஒருக்காப் பாருங்கோவன்."

"விமானச் சாமானோ? ஐயோ தம்பி, வேண்டாம். கொண்டுபோங்கோ."

"விளையாட்டுச் சாமான் அக்கா! எங்கட மகன் பந்து அடிக்கிற மாதிரி நான் இது."

விளையாட்டு என்று அவனுக்குச் சொல்ல முடிந்தது. இயக்கம் ஒருகாலம் விமானம் பறக்கவிட்ட இந்த மண்ணில், அவளைப்போன்ற ஒருத்தியின் கொட்டிலில், பறக்கிற எதனுடைய எஞ்சின் கிடந்தாலும் அது விளையாட்டாகாது. அதை அவனுக்கு விளங்கப்படுத்தப் போனால் மிச்சத்தையும் சொல்லவேண்டி வரும். அவள் வாயைத் திறப்பதற்கிடையில் அவன் பையைப் பிரித்து எஞ்சினைக் கையில் வைத்துவிட்டான். உள்ளங்கைக்குள் அடங்குகிற சாமான். ஆமணக்கெண்ணெய் எரிந்த மணம். காற்றாடி பூட்டுகிற நுனியை விரலால் மெல்லச் சுற்றினாள். நுனி ஒரு பக்கமாக ஆடியது. அவ்வளவுதான், ஆசை பிடித்துக்கொண்டது. "வைச்சிட்டுப் போங்கோ" என்றாள். அந்தச் சொல்லுக்காகப் பிறகு தன்னைத்தானே எத்தனை தரம் ஏசியிருப்பாள்!

கிராங் என்பது பிஸ்டன் மேலும் கீழும் போகிறதைச் சுழற்சியாக மாற்றுகிற தண்டு. இந்த எஞ்சினில் அது சுண்டுவிரலளவு. ஆனால் உருக்கு நல்ல வைரம் ஏற்றியது. ஆத்திரப்பட்டு நெருப்புக் காட்டினால் வைரம் இறங்கி ஈயம்போல் ஆகிவிடும். சுத்தியலால் தட்டினால் முறிந்துவிடும். அவள் எஞ்சினின் வெளிக்கூட்டை மட்டும் சூடாக்கிப் பெயரிங்குகளைக் கழற்றி, கிராங்கை வெளியே எடுத்தாள். இரண்டு தாங்கிகளில் கிடத்தி, மயிரளவு மேடு பள்ளத்தையும் முள்ளால் காட்டுகிற மானியை அதன்மேல் பொருத்திச் சுற்றினாள். எங்கே மேடு என்று கண்டு மையால் குறித்தாள். பிறகு கீறல் விழாமல் செப்புத் தகடு வைத்து, வைஸ் என்ற இறுக்கியில் பிடித்து, மெல்ல இறுக்கினாள். உருக்குத் திரும்பித் துள்ளும். அதனால் நேர்க்கோட்டைத் தாண்டிக் கொஞ்சம் கூடுதலாக வளைக்கவேண்டும்; எவ்வளவு கூடுதல் என்பதைக் கைதான் சொல்லும். கழற்றி, வைத்து, சுற்றி, பார்த்து, மறுபடி வைஸ். இப்படியே இரண்டு பகல் போயிற்று. அந்த இரண்டு நாளும் அவள் மருந்து மிசின் ஒன்றையும் தொடவில்லை, சோறும் அடிப்பிடித்தது.

பள்ளிக்கூடத்தால் வந்த யதுர்ஷிகா, சப்பாத்தோடு கொட்டிலுக்குள் வந்து எட்டிப் பார்த்தாள்.

"இதைப் பாரடி," என்று கிராங்கைச் சுற்றிக் காட்டினாள் தாய். மானியின் முள் அசையவே இல்லை.

"அம்மா, முள்ளு பழுதோ?"

"முள்ளுப் பழுதில்லை. உங்கட அம்மா நிமிர்த்தினது அப்பிடி!"

இப்படித் தன் வேலையைத் தானே மெச்சி அவள் பேசியதை மகள் முன்னொருபோதும் கேட்டதில்லை. இரண்டு பேருமாகச் சிரித்தார்கள்.

மறுநாள் காலை, பூட்டுவதற்கு எல்லாவற்றையும் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தபோது படலையில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. தகரத்து ஓட்டையால் பார்த்தாள். கறுப்புக் கண்ணாடி, தோளில் பை, சிவில் உடுப்பு. மூன்று வருடத்துக்குப் பிறகு திரும்பவும் வந்துவிட்டார்கள். எஞ்சினை மேசையில் விட்டிருந்தால் அது நூறு பழைய இரும்போடு நூற்றொன்றாகக் கிடந்திருக்கும். ஆனால் வன்னியில் இருந்தவர்களுக்கு மண்தான் அலுமாரி. நகையையும் காணி உறுதியையும் தையல் மிசினையும் பொலித்தீனில் சுற்றி மண்ணுக்குள் தாட்டுவிட்டு ஓடிய சனம் இது. பயம் வந்தால் கை தன்பாட்டில் மண்ணைத் தேடும். அவள் அத்தனை துண்டையும் எண்ணெய்த் துணியில் சுற்றிச் சொப்பின் பையில் போட்டு, பின்பக்கத்தால் ஓடி, முருங்கையடியில் அலவாங்கால் குத்திக் கிண்டித் தாட்டாள்.

வந்தவர் சுகாதாரப் பரிசோதகர். டெங்கு பார்க்க வந்தவர். சிரட்டை, பழைய டயர், பூச்சாடி எல்லாம் பார்த்துவிட்டு, "தண்ணி தேங்க விடாதேங்கோ அக்கா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். சுதாஜினிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. கிண்டி எடுக்கலாம் என்று திரும்பினால், வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டு இலட்சுமியக்காவின் தலை தெரிந்தது.

"என்ன பிள்ளை, உந்த வெயிலுக்குள்ள கிண்டிக்கொண்டிருந்தாய்?"

"ஒண்டுமில்லையக்கா. முருங்கைக்குப் பசளை."

"முருங்கைக்கு ஆர் பசளை போடுறது?" என்று இலட்சுமியக்கா கேட்டது நியாயமான கேள்விதான்.

அவளுக்கு ஒரு கெட்ட எண்ணமும் இல்லை. கடைக்குப் போன இடத்தில் சும்மா வாயில் வந்ததைச் சொன்னாள். ஆனால் வன்னியில் ஒருத்தி மண் கிண்டினாள் என்றால் சனத்துக்கு ஒரே ஒரு நினைப்புத்தான் வரும்: இயக்கம் தாட்டுவிட்டுப் போன சாமான். கடையில் அது பெட்டியாயிற்று. வாசிகசாலைக்குப் போவதற்குள் தங்கமாயிற்று. பின்னேரம் சந்தியில் நின்றவர்கள் எத்தனை கிலோ என்றே பேசிக்கொண்டார்கள். சுதாஜினி வீட்டு வேலிப் பக்கம் ஆட்கள் வந்து வந்து பார்த்துப் போனார்கள். அவர்கள் முன்னால் கிண்டி எடுக்க அவளுக்குத் துணிவில்லை. விடியட்டும் என்று விட்டாள். விடிந்ததும் பொலிஸ் வந்தது.

மண்வெட்டியோடு வந்தவர்கள் தங்கத்தை எதிர்பார்த்துத்தான் கிண்டினார்கள். பையை அவிழ்த்துப் பார்த்தவரின் முகம் மாறியது. "இது என்ன?" என்றார். அவள் சொன்னாள். "விமான எஞ்சினா?" என்று அவர் இரண்டாம் தரம் கேட்டார். தங்கமாகவே இருந்திருக்கலாம் என்று அவளுக்குப் பட்டது.

அவளைக் கொண்டுபோன பொலிஸ் நிலையத்தில் பொறுப்பதிகாரி நன்றாகவே தமிழ் பேசினார். கெட்ட மனுசனாகவும் தெரியவில்லை. தேத்தண்ணி கொடுக்கச் சொன்னார். துண்டுகளையெல்லாம் தன் மேசைக் கண்ணாடியில் பரப்பிவைத்துக்கொண்டு, "விளையாட்டுச் சாமான் எண்டால் ஏன் தாட்டது?" என்று கேட்டார். டெங்கு பார்க்க வந்தவருக்குப் பயந்தேன் என்றால் எந்தப் பொலிஸ்காரர் நம்புவார்?

யதுர்ஷிகா ஃபோன் பண்ணியதும் முஹ்ஸின் வவுனியாவிலிருந்து அடித்துப்பிடித்து வந்து சேர்ந்தான். விமானம் பறக்கிற வீடியோ, வரம்பில் குத்தி மண் அப்பிக் கிடந்த படம், அனுமதி எடுத்த விபரம் எல்லாவற்றையும் ஃபோனில் காட்டினான். அதிகாரி வீடியோவை இரண்டு தரம் பார்த்தார். சிரித்தார். இன்னும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்திருந்தால் போகச் சொல்லியிருப்பார். முஹ்ஸினால் அது முடியுமா? அக்காவுக்கு ஒரு நல்ல பேர் வாங்கிக் கொடுக்கவேண்டும் என்று நினைத்துவிட்டான்.

"சேர், கொழும்பில ஏலாதெண்டு எறியச் சொன்ன சாமான் இது. வாழைப்பழம் மாதிரி வளைஞ்சு கிடந்தது. அக்கா நிமிர்த்தியிருக்கிறா, பாருங்கோ. இப்பிடி ஒரு கை இந்த வன்னியில இல்லை."

அதிகாரி கிராங்கை எடுத்துக் கண்ணாடியில் உருட்டினார். துளிகூட ஆட்டமில்லாமல் அது மேசையின் மறுகரைவரை உருண்டு போனது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். சிரிப்புப் போய்விட்டது.

"இதை எங்க பழகினது?"

"பயிற்சி தந்தவை சேர். மருந்தடிக்கிற மிசின்..."

"மருந்து மிசினில இது வராதே. ஃபைலில நீ முந்திக் குசினியில எண்டுதானே சொல்லியிருக்கிறது?" வாசல் பக்கம் பார்த்தார். "வெளியில நிக்கிறது மகளா? ஏ.எல். படிக்கிறதா?"

சும்மா கேட்டிருக்கலாம். தனக்கும் அந்த வயதில் ஒரு மகள் இருந்து கேட்டிருக்கலாம். சுதாஜினிக்கு, முன்பு முற்றத்துக் கதிரையில் இருந்து மகளைப் பற்றிக் கேட்டவர் நினைவுக்கு வந்தார்.

"எப்பிடி நிமிர்த்தினது? செய்து காட்டு பாப்பம்," என்றார் அதிகாரி. "பின்னால ஜீப் திருத்துற இடத்தில வைஸ் இருக்கு."

எல்லோருமாகப் பின்னுக்குப் போனார்கள். சுதாஜினி கிராங்கைக் கையில் வாங்கினாள். வாழ்க்கையில் அவள் செய்த வேலைகளில் ஆகத் திறமான வேலை அதுதான். அது அவளுக்கே தெரியும். அதை வைஸில் ஏறுமாறாகப் பிடித்தாள். செப்புத் தகடு கேட்கவில்லை. பக்கத்தில் கிடந்த பெரிய சுத்தியலைப் பக்குவமில்லாதவள் பிடிக்கிறமாதிரி நுனியில் பிடித்து, "இப்பிடித்தான் சேர் தட்டினனான்," என்று சொல்லி, ஓங்கி ஒரு அடி அடித்தாள். ஏற்கெனவே ஒருதரம் வளைந்து நிமிர்ந்த உருக்கு இரண்டாம் தரம் பொறுக்காது. கிராங் இரண்டு துண்டாகி, ஒரு துண்டு ஜீப்புக்கு அடியில் போய் விழுந்தது.

"ஐயோ அக்கா!" என்று முஹ்ஸின் கத்தினான்.

"முதல் தட்டேக்குள்ள சரியா வந்தது சேர்," என்றாள் சுதாஜினி. "இப்ப முறிஞ்சிட்டுது. எனக்குத் தெரியேல்லை."

அதிகாரி வாய்விட்டுச் சிரித்தார். கூட நின்ற பொலிஸ்காரரும் சிரித்தார்கள். "குருட்டு அதிர்ஷ்டத்தில நிமிர்ந்திருக்கு," என்று முஹ்ஸினின் தோளில் தட்டினார். "இனியாவது வேலை தெரிஞ்ச ஆளிட்டக் குடு. அம்மா, நீ போகலாம். இனி ஒண்டையும் மண்ணுக்குள்ள புதைக்காதே." மகளைப் பற்றி அவர் வேறொன்றும் கேட்கவில்லை.

முஹ்ஸின்தான் தாயையும் மகளையும் வானில் ஏற்றிக்கொண்டு வந்தான். வழியெல்லாம் அவன் பேசவில்லை. அவன் பேசாமல் வந்தது அதுதான் முதல் தடவை. முன்சீற்றில் இருந்த சுதாஜினிக்கு, நான் வேண்டுமென்றுதான் முறித்தேன் என்று சொல்லிவிடலாம்போல் இருந்தது. சொன்னால் அவன் மகிழ்ந்துபோவான். மகிழ்ந்துபோய் வவுனியாவிலிருந்து முல்லைத்தீவுவரை ஒவ்வொரு கடையிலும் அக்காவின் கெட்டித்தனத்தைச் சொல்லுவான். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு வீதியைப் பார்த்தாள்.

படலையில் இறங்கும்போது அவன் யதுர்ஷிகாவிடம் மெல்லச் சொன்னான்: "மகள், அம்மாவோட கோவிக்காதீங்கோ. தெரியாத வேலையை நான்தான் கொண்டுவந்து குடுத்தனான். என்னிலதான் பிழை."

அசையாமல் நின்ற அந்த முள்ளைத் தன் கண்ணால் பார்த்த பிள்ளை. சுதாஜினி பதறிப்போய் மகளைப் பார்த்தாள். ஏதும் சொல்லிவிடுவாளோ? யதுர்ஷிகா தாயின் முகத்தை ஒரே ஒருதரம் பார்த்தாள்.

"ஓம் அங்கிள்," என்றாள். "அம்மாக்கு உதெல்லாம் விளங்காது. ஏதோ சும்மா தட்டிப் பாக்கிறவா." சொல்லிவிட்டுக் கொஞ்சம் சிரிக்கவும் செய்தாள்.

வான் போய்விட்டது. சுதாஜினி படலையடியிலேயே நின்றாள். மகளின் பேச்சில் ஒரு தடக்கல் இல்லை, முகத்தில் ஒரு மாற்றமில்லை. இவ்வளவு அழகாக ஒரு பொய்யைத் தாயாலேயே சொல்லியிருக்க முடியாது.

"ஆரடி உனக்கு உப்பிடிக் கதைக்கச் சொல்லித் தந்தது?"

யதுர்ஷிகா படலையைச் சாத்திக் கொளுக்கியைப் போட்டாள்.

"நெடுக உப்பிடித்தானே அம்மா சொல்லுறனான். போன வருசம் பள்ளிக்கூடத்தடியில சிவில் உடுப்பில ஒராள் மறிச்சு உங்களைப் பற்றிக் கேட்டவர். அவருக்கும் மருந்து மிசின் மட்டும்தான் தெரியும் எண்டு சொன்னனான். பிறகும் ரெண்டு மூண்டு தரம் வந்தவர்."

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"சொன்னால் நீங்கள் நித்திரை கொள்ளமாட்டியள்."

தன் வீட்டுப் படலைக்கு ஒருவரும் வராத அந்த மூன்று வருடத்தையும் அவள் அமைதி என்று நம்பியிருந்தாள். பிள்ளை அந்தக் கேள்விகளைத் தன் தலையில் சுமந்துகொண்டு, தாய் நன்றாக நித்திரை கொள்ளட்டும் என்று, தினமும் பள்ளிக்கூடம் போய் வந்திருக்கிறாள். சுதாஜினி முற்றத்து மண்ணில் இருந்து, மகளின் காலைக் கட்டிக்கொண்டு, சத்தம் வெளியில் கேட்காமல் அழுதாள். வேலிக்கு அந்தப் பக்கம் இலட்சுமியக்கா நின்றுகொண்டிருந்தாள்.

"ஒண்டுமில்லை மாமி," என்றாள் யதுர்ஷிகா. "அம்மாக்குத் தலையிடி."